ஆபரேஷன் முடிந்து தூங்குபவரை நர்ஸ் ஏன் எழுப்புகிறார்? மயக்க மருந்து, மார்ஃபின் கவனிப்பில் குடும்பத்தினர் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஆபரேஷன் முடிந்து நோயாளி வார்டுக்கு வந்துவிட்டார். வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டிருக்கிறார்கள். அவரும் அசந்து தூங்குகிறார். அந்த நேரம் பார்த்து செவிலியர் வந்து தோளைத் தட்டுகிறார். "ஐயா, கண்ணைத் திறங்க. பேர் சொல்லுங்க. வலி எவ்வளவு இருக்கு?"

பக்கத்தில் இருக்கும் உறவினருக்கு இது பிடிப்பதில்லை. "இப்பதான் சிஸ்டர் கண் அசந்தாரு, கொஞ்சம் தூங்க விடுங்களேன்" என்கிறார்.

மருத்துவமனை வார்டுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஆனால் அந்த நேரத்தில் அந்த நோயாளிக்கு மிகவும் தேவையானது அப்படி ஒருவர் வந்து எழுப்பிப் பார்ப்பதுதான். மார்ஃபின் போன்ற வலுவான வலி நிவாரணிகள் உடலில் அளவு மீறினால் பெரும்பாலும் முதலில் தெரிவது தூக்கம். மூச்சு குறைவது அதற்குப் பிறகுதான். அந்தத் தூக்கம் சாதாரணத் தூக்கமா, மருந்தின் மயக்கமா என்பதை எழுப்பிப் பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும்.

சுருக்கமாக:

- ஓபியாய்டு மருந்து பெறும் நோயாளியிடம் ஆபத்தின் முதல் அடையாளம் அதிக மயக்கம்.
- ஆக்சிஜன் அளவு காட்டும் கருவி மட்டும் போதாது. மூச்சை எண்ண வேண்டும்.
- பலமான குறட்டையை எப்போதும் 'நல்ல தூக்கம்' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.
- "அடிமையாகிவிடுவார்" என்ற பயத்தில் வலி மருந்தைத் தடுப்பதும் நோயாளிக்குத் தீங்குதான்.

ஓபியாய்டு என்றால் என்ன?

கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடியும் பாலிலிருந்து கிடைப்பது அபின். ஜெர்மனியைச் சேர்ந்த ஃப்ரெட்ரிக் செர்ட்யூர்னர் 1800-களின் தொடக்கத்தில் அபினிலிருந்து ஒரு பொருளைத் தனியாகப் பிரித்தெடுத்தார். அதுதான் மார்ஃபின். கிரேக்கப் புராணத்தில் வரும் கனவுகளின் கடவுள் மார்ஃபியஸ் பெயரில் இருந்து வந்த பெயர் அது.

மார்ஃபினும், அதைப் போலவே உடலில் வேலை செய்யும் மற்ற மருந்துகளும் சேர்ந்து ஓபியாய்டு எனப்படுகின்றன. ஃபென்டனில், டிரமடால், கோடீன், பெத்திடின், பியூப்ரினார்ஃபின் எல்லாம் இந்தக் குடும்பம்தான். எடைக்கு எடை பார்த்தால் ஃபென்டனில் மார்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியமானது. அதனால்தான் அது மில்லிகிராமில் அல்ல, மைக்ரோகிராமில் அளக்கப்படுகிறது.

நாம் சாதாரணமாக 'வலி ஊசி', 'வலி மாத்திரை' என்று சொல்லும் பாராசிட்டமால், டைக்ளோஃபினாக் போன்றவை ஓபியாய்டு அல்ல. அவை வேலை செய்யும் விதமும் வேறு, பக்கவிளைவும் வேறு.

மயக்க மருந்தும் இதுவும் ஒன்றா?

இல்லை. ஆனால் ஆபரேஷன் அறையில் இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே கொடுக்கப்படுகின்றன.

முழு மயக்கத்தில் நினைவே இருக்காது. புரோபோஃபால் போன்ற ஊசி மருந்தாலும், செவோஃப்ளூரேன் போன்ற சுவாசிக்கும் மருந்தாலும் இது கொடுக்கப்படுகிறது. 1846 அக்டோபர் 16 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர், ஈதர் ஆவியைச் சுவாசிக்க வைத்து வலியில்லாமல் ஆபரேஷன் செய்ய முடியும் என்று எல்லோர் முன்னிலையிலும் காட்டினார். அந்த நாள்தான் இன்று உலக மயக்கவியல் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

இன்னொரு வகை, உடலின் ஒரு பகுதியை மட்டும் மரத்துப்போக வைப்பது. சிசேரியனுக்கும் மூட்டு ஆபரேஷனுக்கும் முதுகில் போடும் ஊசி இந்த வகை. நோயாளி விழித்திருப்பார், இடுப்புக்குக் கீழே உணர்வு இருக்காது.

முழு மயக்க மருந்து உடலை விட்டு முழுதாக வெளியேறுவதற்குள் வலிக்காக ஓபியாய்டும் கொடுக்கப்படலாம். இரண்டின் தூக்கமும் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். ஆபரேஷனுக்குப் பிந்தைய முதல் 24 மணி நேரம் அதிகக் கவனம் வேண்டிய நேரம் என்று சொல்லப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மூச்சு ஏன் குறைகிறது?

நாம் யோசிக்காமலேயே மூச்சு விடுகிறோம். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடும்போது மூளைத் தண்டு அதைக் கண்டுபிடித்து, 'மூச்சு விடு' என்று கட்டளை அனுப்புகிறது. ஓபியாய்டுகள் இந்த உணர்வை மழுங்கடிக்கின்றன. கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போனாலும் மூளை அவசரப்படாது. மூச்சு மெதுவாகும், ஆழம் குறையும்.

இதோடு தொண்டைத் தசைகளும் தளர்கின்றன. நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப் பாதையைப் பாதி அடைக்கிறது. அப்போது வரும் சத்தம்தான் குறட்டை. "நல்லா குறட்டை விட்டுத் தூங்குறாரு" என்று குடும்பத்தினர் நிம்மதியாக இருக்கலாம். உண்மையில் அது மூச்சுக் குழாய் அடைபடும் சத்தமாக இருக்கலாம். குறட்டை நடுவில் திடீரென்று நின்று, சில விநாடிகள் அமைதியாகி, பிறகு திணறலோடு மறுபடி தொடங்கினால் அது உடனே சொல்ல வேண்டிய விஷயம்.

நர்ஸ் எதைப் பார்க்கிறார்?

முதலில் மூச்சு. நோயாளியை எழுப்புவதற்கு முன்பே மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்து எண்ணுவார். எழுப்பிவிட்டால் மூச்சு தானாகவே வேகமாகிவிடும், உண்மையான எண்ணிக்கை தெரியாது. 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவதும் இங்கே சரிவராது. மெதுவாக மூச்சு விடுபவரிடம் ஒரு முழு நிமிடம் எண்ணினால்தான் இடைவெளிகள் தெரியும்.

பெரியவர்கள் ஓய்வில் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார்கள். 10-க்குக் கீழே போனால் உஷாராக வேண்டும். 8-க்குக் கீழே என்றால் அவசரநிலை. எண்ணிக்கை சரியாக இருந்தாலும் மூச்சு மேலோட்டமாக இருந்தால் அதுவும் கவலைக்குரியதுதான்.

இரண்டாவது, மயக்கத்தின் அளவு. இதற்கென்றே செவிலியர்கள் பயன்படுத்தும் அளவுகோல் உண்டு. அமெரிக்க செவிலியர் கிறிஸ் பசேரோவின் பெயரில் உள்ள அளவுகோல் பரவலாகத் தெரிந்த ஒன்று. அதன் சாரம் இதுதான்:

- சாதாரணமாகத் தூங்குகிறார், எழுப்பினால் எளிதாக எழுகிறார்: சரி.
- விழிப்பாக இருக்கிறார்: சரி.
- லேசான தூக்கக் கலக்கம், கூப்பிட்டதும் கண் திறக்கிறார்: சரி.
- பேசிக்கொண்டிருக்கும்போதே பாதி வாக்கியத்தில் தூங்கிவிடுகிறார்: சரியல்ல. மருந்தைக் குறைக்க வேண்டும், மருத்துவரிடம் சொல்ல வேண்டும், கண்காணிப்பைக் கூட்ட வேண்டும்.
- தட்டினாலும் கூப்பிட்டாலும் பதில் மிகக் குறைவு அல்லது இல்லவே இல்லை: மருந்தை நிறுத்த வேண்டும், அவசர உதவி வேண்டும்.

நர்ஸ் "பேர் என்ன, ஊர் எது" என்று கேட்பது இதற்காகத்தான். பதில் என்ன என்பதைவிட, பதில் சொல்லி முடிக்கும் வரை அவரால் விழித்திருக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. உறவினர்கள் குறுக்கே புகுந்து, "அவர் பேரு முருகேசன் சிஸ்டர்" என்று தாங்களே பதில் சொல்லிவிட்டால் அந்தப் பரிசோதனை வீணாகிவிடும்.

மூன்றாவது, வலியின் அளவு. 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் இதற்கு மேல் தாங்க முடியாது. எண் சொல்லத் தெரியாதவர்களிடமும் குழந்தைகளிடமும் முகப் படங்களைக் காட்டிக் கேட்பார்கள். படுத்திருக்கும்போது மட்டும் அல்லாமல், இருமும்போதும் திரும்பிப் படுக்கும்போதும் எவ்வளவு வலிக்கிறது என்றும் கேட்பார்கள்.

பிபி, நாடித்துடிப்பு, உடல் சூடு ஆகியவையும் பார்க்கப்படும்.

மருந்து கொடுத்த பிறகு மறுபடி வந்து பார்ப்பதும் இதில் அடக்கம். நரம்பு வழியாகப் போடும் மார்ஃபினின் முழு வேகம் தெரியச் சுமார் 20 நிமிடம் ஆகும். மாத்திரை அல்லது சிரப் என்றால் சுமார் ஒரு மணி நேரம். ஊசி போட்டு 5 நிமிடத்தில் நன்றாகப் பேசினார் என்பதை வைத்து முடிவுக்கு வர முடியாது.

விரலில் மாட்டும் கருவி போதாதா?

கொரோனா காலத்தில் பல வீடுகளுக்குள் வந்துவிட்ட கருவி பல்ஸ் ஆக்சிமீட்டர். ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அயோகி 1970-களில் உருவாக்கிய தொழில்நுட்பம் அது. 97, 98 என்று காட்டினால் எல்லாம் சரி என்று பலரும் நினைக்கிறார்கள்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்திருந்தால், மூச்சு வெகுவாகக் குறைந்த பிறகும் கருவி கொஞ்ச நேரம் நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும், ஆனால் வெளியேற வேண்டிய கார்பன் டை ஆக்சைடு தேங்கிக்கொண்டிருக்கும். எண் இறங்கத் தொடங்கும்போது நிலைமை கைமீறிப் போயிருக்கலாம்.

வெளிவிடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கருவி இதை முன்பே காட்டிவிடும். ஆபரேஷன் அறையிலும் ஐசியூவிலும் அது இருக்கும். சாதாரண வார்டில் எல்லாப் படுக்கைக்கும் இருக்காது. அங்கே செவிலியரின் கண்ணும் கையும்தான் கருவி.

ரெக்கவரி ரூமில் ஏன் அவ்வளவு நேரம்?

"ஆபரேஷன் முடிஞ்சிடுச்சுன்னு சொன்னாங்க, இன்னும் வெளியே கொண்டு வரலையே" என்று குடும்பத்தினர் பதறுவது சகஜம். அந்த நேரத்தில் நோயாளி பெரும்பாலும் ரெக்கவரி ரூமில் இருப்பார்.

அங்கே பல மருத்துவமனைகள் பயன்படுத்துவது ஆல்ட்ரெட் மதிப்பெண் முறை. 1970-ல் வெளியானது. கை கால் அசைவு, மூச்சு, ரத்த அழுத்தம், விழிப்பு, ஆக்சிஜன் ஆகிய ஐந்துக்கும் தலா 2 மதிப்பெண். ஆரம்பத்தில் ஆக்சிஜனுக்குப் பதிலாகத் தோலின் நிறத்தைப் பார்த்தார்கள். மொத்தம் 10-க்கு 9 வந்தால் பொதுவாக வார்டுக்கு அனுப்புவார்கள்.

மயக்கம் தெளியும்போது உடல் நடுங்கலாம், குமட்டலாம், தொண்டை கரகரக்கலாம். ஆபரேஷன் அறையின் குளிரிலும் மருந்தின் விளைவாலும் உடல் சூடு குறைந்திருக்கும் என்பதால் கம்பளி போர்த்துவார்கள். வாந்தி வந்தால் புரை ஏறாமல் இருக்க ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள்.

அந்த நேரத்தில் "நாக்கு வறளுது, ஒரு வாய் தண்ணி" என்று நோயாளி கேட்பார். பாவம் என்று உறவினர் கொடுத்துவிடக் கூடாது. விழுங்கும் திறன் முழுதாகத் திரும்பாதபோது தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடலாம். செவிலியர் சொன்ன பிறகு கொடுக்கலாம்.

ஆபரேஷனுக்கு முந்தைய பட்டினிக்கும் இதே காரணம்தான். வயிற்றில் உள்ளது மயக்கத்தில் மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பொதுவாகத் தெளிந்த தண்ணீருக்கு 2 மணி நேரம், லேசான உணவுக்கு 6 மணி நேரம், எண்ணெய்ப் பலகாரம், இறைச்சி போன்றவற்றுக்கு 8 மணி நேரம் இடைவெளி வேண்டும். பால் கலந்த காபி, டீ எல்லாம் தண்ணீர்க் கணக்கில் வராது, உணவுக் கணக்கு. "ஒரு வாய் காபிதானே" என்று கொடுத்துவிட்டால் அதை மறைக்காமல் நர்ஸிடம் சொல்லிவிடுவது நல்லது. ஆபரேஷன் சில மணி நேரம் தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

முதுகில் ஊசி போட்டவர்களுக்கு என்ன கவனிப்பு?

இந்த ஊசிக்குப் பிறகு ரத்தக் குழாய்கள் விரிவதால் பிபி குறையலாம். தலை சுற்றல், குமட்டல் வரும். அதனால்தான் ஆரம்பத்தில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை பிபி பார்க்கிறார்கள்.

உணர்வு திரும்புகிறதா என்று தெரிந்துகொள்ள "கால் விரலை ஆட்டுங்க, முட்டியை மடக்குங்க" என்பார்கள். உணர்வு முழுதாக வரும் வரை காலில் சுடுதண்ணீர் பை வைக்கக் கூடாது. சூடு தெரியாது, தோல் வெந்துவிடும். முதல்முறை எழுந்து நிற்கும்போது தனியாக நிற்கக் கூடாது. "பாத்ரூம்தானே, நானே போயிக்கிறேன்" என்று போய் விழுபவர்கள் உண்டு.

சிறுநீர் கழிக்க முடியாமல் அடிவயிறு வீங்கிப் போவதும் நடக்கும். எவ்வளவு நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்று நர்ஸ் கேட்பது அதற்காகத்தான்.

முதுகு ஊசியோடு மார்ஃபினும் சேர்த்துப் போட்டிருந்தால் வலி நிவாரணம் ஒரு நாள் வரை நீடிக்கும். ஆபத்தும் அப்படியே தாமதமாக வரலாம். காலையில் ஆபரேஷன் முடிந்தவருக்கு இரவில் மூச்சு குறையலாம். அமெரிக்க மயக்கவியல் மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதல், இப்படிப்பட்ட நோயாளிகளை முதல் 12 மணி நேரம் மணிக்கு ஒருமுறையும் அடுத்த 12 மணி நேரம் இரண்டு மணிக்கு ஒருமுறையுமாவது பார்க்க வேண்டும் என்கிறது. நடு ராத்திரியில் வந்து எழுப்புவதன் பின்னணி இதுதான்.

உட்கார்ந்தால் தலைவலி மண்டையைப் பிளக்கிறது, படுத்தால் குறைகிறது என்றால் அதைச் சொல்ல வேண்டும். ஊசி போன இடம் வழியாகத் தண்டுவடத் திரவம் கசிவதால் வரும் தலைவலி அது. சிகிச்சை இருக்கிறது. உணர்வு திரும்பிய கால் மறுபடி பலவீனமானால், கடுமையான முதுகு வலி வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. அபூர்வம்தான், ஆனால் தண்டுவடத்தை ரத்தக் கட்டு அழுத்துவதாக இருக்கலாம்.

குழாய் வழியாகத் தொடர்ந்து மரப்பு மருந்து போய்க்கொண்டிருந்தால், வாயைச் சுற்றி மரத்துப்போவது, காதில் இரைச்சல், நாக்கில் உலோகச் சுவை ஆகியவையும் எச்சரிக்கைதான். மருந்து ரத்தத்தில் அளவுக்கு மேல் கலக்கும்போது வரும் முதல் அறிகுறிகள் அவை.

பட்டனை யார் அழுத்த வேண்டும்?

சில மருத்துவமனைகளில் நோயாளியின் கையில் ஒரு பட்டனைக் கொடுக்கிறார்கள். வலித்தால் அழுத்தலாம். பம்ப் ஒரு சிறிய அளவு மருந்தை உள்ளே அனுப்பும். குறிப்பிட்ட நிமிடங்கள் கழியும் வரை மறுபடி எத்தனை முறை அழுத்தினாலும் மருந்து வராது.

இந்தக் கருவியின் உண்மையான பாதுகாப்பு அந்தப் பூட்டு மட்டும் அல்ல. மருந்து அதிகமானால் நோயாளி தூங்கிவிடுவார். தூங்குபவர் பட்டனை அழுத்த மாட்டார். மருந்து தானாக நின்றுவிடும்.

ஆனால் "அம்மா தூக்கத்துல முனகுறாங்க" என்று மகளோ மகனோ அழுத்தினால் அந்தப் பாதுகாப்பே போய்விடுகிறது. பாசத்தில் செய்யும் இந்த உதவி உயிருக்கு ஆபத்தாக முடிந்த சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. நோயாளியைத் தவிர வேறு யாரும் அந்தப் பட்டனைத் தொடக் கூடாது.

மூச்சு குறைந்துவிட்டால் என்ன செய்வார்கள்?

முதலில் மருந்தை நிறுத்துவார்கள். நோயாளியைத் தட்டி எழுப்பி, "மூச்சை இழுத்து விடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். தாடையை முன்னுக்குத் தூக்கி மூச்சுப் பாதையைத் திறப்பார்கள். ஆக்சிஜன் கொடுப்பார்கள். தேவைப்பட்டால் முகமூடியும் பையும் வைத்து மூச்சு கொடுப்பார்கள்.

ஓபியாய்டுக்கு மாற்று மருந்து நலோக்சோன். நரம்பில் போட்டால் ஓரிரு நிமிடத்தில் வேலை செய்யும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுப்பார்கள். மொத்தமாகக் கொடுத்தால் வலி நிவாரணமும் ஒரேயடியாகப் போய்விடும். நோயாளி வலியில் துடிப்பார், பிபி எகிறும்.

நலோக்சோனின் வேலை 30 முதல் 90 நிமிடத்தில் முடிந்துவிடலாம். மார்ஃபின் அதன் பிறகும் உடலில் இருக்கும். "எழுந்துட்டாரு, பிரச்னை முடிஞ்சது" என்று நினைத்த நோயாளி மறுபடி மயக்கத்தில் மூழ்கலாம். அதனால் எழுந்த பிறகும் பல மணி நேரம் கண்காணிப்பு தொடரும். மேலும், இது ஓபியாய்டுக்கு மட்டும்தான் மாற்று. தூக்க மாத்திரையின் மயக்கத்தையோ புரோபோஃபாலின் மயக்கத்தையோ இது தெளிய வைக்காது.

யாருக்கு ஆபத்து அதிகம்? நர்ஸிடம் எதைச் சொல்ல வேண்டும்?

கேஸ் ஷீட்டில் எல்லாமே இருந்துவிடாது. கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் குடும்பத்தினர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்:

- வீட்டில் பலமாகக் குறட்டை விடுவார், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும்.
- சிறுநீரகப் பிரச்னை இருக்கிறது. மார்ஃபின் உடைந்து உருவாகும் பொருட்கள் சிறுநீரில்தான் வெளியேற வேண்டும். இல்லையென்றால் தேங்கும்.
- ஆஸ்துமா, நுரையீரல் நோய் இருக்கிறது.
- தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறார்.
- குடிப்பழக்கம் இருக்கிறது. சொல்லக் கூச்சப்பட்டு மறைக்க வேண்டாம். இது தெரியாமல் மருந்தின் அளவைச் சரியாக முடிவு செய்ய முடியாது.
- முன்பு மயக்க மருந்தில் பிரச்னை வந்திருக்கிறது, அல்லது குடும்பத்தில் யாருக்காவது வந்திருக்கிறது.

வயதானவர்களுக்குக் குறைந்த அளவிலேயே மயக்கம் வரும். சிலர் இரவில் இடம், நேரம் புரியாமல் பேசுவார்கள். "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடாமல் நர்ஸிடம் சொல்ல வேண்டும்.

குழந்தைகளுக்கு எடையைப் பொறுத்துத்தான் மருந்து. 12 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு வலிக்கும் இருமலுக்கும் கோடீன் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு 2017-ல் எச்சரித்தது. சில குழந்தைகளின் உடல் கோடீனை மிக வேகமாக மார்ஃபினாக மாற்றிவிடுவதே காரணம்.

"அடிமையாகிவிடுவாரோ" என்ற பயம்

இத்தனை ஆபத்து என்றால் வலியைப் பொறுத்துக்கொள்வதே மேல் என்று தோன்றலாம். அது இன்னொரு பக்கத்துத் தவறு.

வயிற்றிலோ மார்பிலோ ஆபரேஷன் ஆனவர் வலிக்குப் பயந்து ஆழமாக மூச்சு இழுக்க மாட்டார், இரும மாட்டார். சளி தேங்கி நிமோனியா வரலாம். எழுந்து நடக்க மாட்டார். காலில் ரத்தம் உறையலாம். வலியைத் தாங்குவது தைரியமாகத் தெரியலாம், ஆனால் குணமாவதைத் தாமதப்படுத்தும். நர்ஸ் கேட்கும்போது "பரவாயில்ல, பொறுத்துக்குறேன்" என்று சொல்லாமல் உள்ள வலியை உள்ளபடி சொல்வதுதான் சரி.

ஆபரேஷன் வலிக்காகச் சில நாட்கள் மருத்துவமனைக் கண்காணிப்பில் மருந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் அடிமையாவதில்லை. வாரக்கணக்கில் எடுத்தவருக்குத் திடீரென நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு வரும். இது உடல் பழகிப்போனதன் அடையாளம். போதைக்காக மருந்தைத் தேடி அலையும் அடிமைத்தனம் வேறு. உடல் பழகியவருக்கு அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்த முடியும்.

இந்தப் பயத்தின் பெரிய விலையைக் கொடுத்தவர்கள் புற்றுநோயாளிகள். புற்றுநோய் வலிக்குப் படிப்படியாக மருந்தை உயர்த்தும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே வெளியிட்டது. கடுமையான வலிக்கு மார்ஃபின் அதில் முக்கிய மருந்து. ஆனால் இந்தியாவில் 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடிகளால் பல மருத்துவமனைகள் மார்ஃபினை வைத்திருக்கவே தயங்கின. அரசு அனுமதியோடு மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அபின் சாகுபடி நடக்கும் நாட்டிலேயே, நோயாளிக்கு மார்ஃபின் மாத்திரை கிடைப்பது கஷ்டமாக இருந்தது.

கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால் போன்றவர்களின் நீண்ட முயற்சிக்குப் பிறகு 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின், ஃபென்டனில் உள்ளிட்ட 6 மருந்துகள் 'அத்தியாவசிய போதை மருந்துகள்' என்று அறிவிக்கப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் வைத்திருப்பது எளிதாக்கப்பட்டது.

கட்டுப்பாடு முழுதாகப் போய்விடவில்லை. இந்த மருந்துகளைப் பூட்டிய அலமாரியில் வைப்பது, ஒவ்வோர் ஆம்பூலுக்கும் பதிவேட்டில் கணக்கு எழுதுவது, மீதியை இன்னொருவர் முன்னிலையில் கொட்டுவது எல்லாம் செவிலியரின் பொறுப்பு. "வலிக்குதுன்னு சொல்றோம், எதையோ எழுதிட்டு நிக்கிறாங்க" என்று தோன்றும் அந்த இரண்டு நிமிடத்தில் நடப்பது இதுதான்.

வீட்டுக்குப் போன பிறகு

மலச்சிக்கல்: குமட்டலும் தூக்கக் கலக்கமும் சில நாட்களில் பெரும்பாலும் குறைந்துவிடும். மலச்சிக்கல் குறையாது. மருந்து எடுக்கும் நாளெல்லாம் இருக்கும். அதனால் மலமிளக்கி மருந்தையும் சேர்த்தே எழுதிக் கொடுப்பார்கள். "வயிறு சரியாத்தான் இருக்கு" என்று அதை நிறுத்தக் கூடாது.

மாத்திரை: வலிக்கும் புற்றுநோய்க்குச் சாதாரண மார்ஃபின் மாத்திரையை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுப்பது வழக்கம். 12 மணி நேரம் மெதுவாகக் கரையும் மாத்திரையும் உண்டு. விழுங்க முடியவில்லை என்று அதைக் கரண்டியில் வைத்துப் பொடிக்கக் கூடாது. அரை நாள் மருந்தும் ஒரே நேரத்தில் உள்ளே போய்விடும்.

ஒட்டும் பட்டை: ஃபென்டனில் பட்டையைப் பொதுவாக 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். புதியதை ஒட்டும் முன் பழையதைக் கழற்றியாக வேண்டும். அதன் மேல் ஒத்தடம் கொடுக்கக் கூடாது. சூடு பட்டால் மருந்து வேகமாக உள்ளே இறங்கும். காய்ச்சலும் அப்படித்தான். கழற்றிய பிறகும் ஒரு நாள் வரை மருந்தின் தாக்கம் இருக்கலாம். கழற்றிய பட்டையிலும் மருந்து மிச்சம் இருக்கும் என்பதால், பசைப் பக்கம் உள்ளே வரும்படி மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்த வேண்டும்.

பகிரக் கூடாது: "எனக்கும் மூட்டு வலிதான், ஒண்ணு குடு" என்று கேட்கும் பக்கத்து வீட்டாருக்குக் கொடுக்கக் கூடாது. பழகிய உடலுக்குச் சரியான அளவு, பழகாத உடலுக்கு ஆபத்தான அளவாக இருக்கலாம். மீந்த மாத்திரைகளை மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மதுவும் தூக்க மாத்திரையும் இந்த மருந்துகளோடு சேரவே கூடாது. மயக்கம் தெளிந்து வீட்டுக்குப் போன அன்று வண்டி ஓட்டுவதும் கூடாது.

உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டிய நேரம் எது?

இரவு நேரத்தில் ஒரு செவிலியர் பல படுக்கைகளைப் பார்க்க வேண்டியிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உறவினரின் கண்களும் அப்போது உதவும். கீழே உள்ளவற்றில் ஒன்று தெரிந்தாலும், "அவங்களுக்குத் தொந்தரவு" என்று தயங்க வேண்டாம்:

- கூப்பிட்டாலும் தோளைத் தட்டினாலும் கண் திறக்கவில்லை.
- பேசிக்கொண்டே பாதியில் தூங்கிப் போகிறார்.
- மூச்சு நிமிடத்துக்கு 10-க்கும் குறைவு, அல்லது நடுவில் நின்று நின்று வருகிறது.
- வழக்கத்துக்கு மாறான பலத்த குறட்டை, கரகர சத்தம்.
- உதடு, நகம் நீலம் பூத்தது போல இருக்கிறது.
- கண்ணின் கருவிழி நடுவில் உள்ள கறுப்புப் புள்ளி ஊசிமுனை போலச் சுருங்கி, கூடவே மயக்கமும் இருக்கிறது.
- மருந்து கொடுத்த பிறகும் வலி குறையவில்லை.

வீட்டில் இப்படி நடந்தால் மருந்துப் பட்டையைக் கழற்றிவிட்டு, ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-ஐ அழைக்க வேண்டும். மூச்சே இல்லை என்றால் 108-ல் பேசுபவர் சொல்லச் சொல்ல முதலுதவியைத் தொடங்க வேண்டும். என்ன மருந்து, எவ்வளவு, கடைசியாக எப்போது கொடுத்தது என்பதைச் சொல்வதற்கு மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துச் செல்வது சிகிச்சையை வேகப்படுத்தும்.

(இந்தக் கட்டுரை பொதுவான விழிப்புணர்வுக்காக மட்டுமே. மருந்தின் அளவைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது ஆகியவற்றை மருத்துவரின் ஆலோசனைப்படியே செய்ய வேண்டும்.)